வெள்ளித் தகட்டுக் குதிரைக்காரர்

“தெரியறாரா?” என்று கேட்டாள் பாப்பம்மா.

என் தங்கை சரோஜா மணைமேல் நின்றபடி, எதிரே சுவர்மாடத்தில் திறந்து வைத்திருந்த சின்னப் பெட்டிக்குள் பார்த்தாள். தலையைச் சாய்க்கக் கூடாது, குனியக் கூடாது, எக்கக் கூடாது. நேராக நின்று நேராகப் பார்க்க வேண்டும். அது அந்த வீட்டு முறை.

கூடத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்தோம். கொல்லையில் மாடு கட்டுத்தறியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்னாம்மா, பெரியவரு தெரியறாரா இல்லயா?”

“என் மூஞ்சிதான் தெரியுது” என்றாள் சரோஜா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டியில் வரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். “என்னா கேட்டாலும் தெரியுதுன்னு சொல்லிடுடி. ஒரு வார்த்தைல கல்யாணம் முடிஞ்சிடும்” என்று. நன்றாகத் தலையை ஆட்டினாள். சரோஜா தலையை ஆட்டினால் அவள் வேறு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அக்காவான எனக்கே அது மறந்துபோனது.

பாப்பம்மா பெட்டியை மூடினாள். பெரியவர் இந்தப் பெண்ணுக்கு முகம் காட்டவில்லை. இனி அந்த வீட்டில் சரோஜாவுக்கு இடமில்லை.

மீசை வைக்கிற வேலை

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டின்மேல் என் வீட்டுக்காரர் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுப்பது அவர். நெகட்டிவில் பென்சிலால் திருத்துவதும், அச்சுப் போட்ட படத்துக்கு வர்ணம் தீட்டுவதும் நான்.

அம்மைத் தழும்பை எடுத்திருக்கிறேன். மாறுகண்ணை நேராக்கியிருக்கிறேன். மாப்பிள்ளைப் படம் என்று கெஞ்சிக் கேட்டவர்களுக்கு மீசைகூட வைத்துக் கொடுத்திருக்கிறேன். முகம் என்பது எனக்கு அன்றாட வேலை. அதனால் படத்தைப் பார்த்துப் பிரமிக்கிற புத்தி எனக்கு எப்போதோ போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா தவறிய பிறகு சரோஜா எங்களோடு இருந்தாள். டீச்சர் வேலைக்குப் படித்து முடித்திருந்தாள். நல்ல உயரம். ஸ்டூடியோவில் பின்னால் தொங்குகிற திரைச்சீலையை மற்றவர்கள் ஸ்டூல் போட்டு இறக்குவார்கள். அவள் கையை நீட்டினால் போதும். “இவளுக்கு மாப்பிள்ள பாக்கணும்னா தென்னமரத்துலதான் பாக்கணும்” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

தென்னைமரம் தானாகவே ஒரு நாள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது. பெயர் முனிராஜ். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகிற வழியில், சானமாவுக் காட்டை ஒட்டிய ஓர் ஊர். அப்பா திம்மராயன் அங்கே நிலபுலன் உள்ளவர். மகன் பெங்களூரில் ஒரு பாக்டரியில் ஃபிட்டர். வாசல்படியில் குனிந்துதான் உள்ளே வந்தான்.

“எங்க வூட்ல ஒரு பழைய படம் இருக்குதுங்க. காகிதத்துல இல்ல, தகட்டுல. ஓரமெல்லாம் நீலம் பாயுது. அப்பா பயப்படறாரு. நீங்க வந்து ஒருக்கா பாக்கணும்” என்றான்.

சொன்னது என் வீட்டுக்காரரிடம். பார்த்தது சரோஜாவை. அவன் கையில் இருந்த தொப்பி தரையில் விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தவள் அவள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

தொட்டால் போய்விடும்

தகட்டுப் படம் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் மாறியது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பெங்களூர் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதியில், ஒரு ஸ்டூடியோவில் வேலை பழகினார். அங்கே ஒரு ஆங்கிலோ-இந்தியக் கிழவி, தன் தகப்பனார் படம் என்று ஒரு தகட்டைக் கொண்டுவந்தாளாம். செப்புத் தகடு, மேலே வெள்ளி, அதில் ஒரு பட்டாளத்துக்காரர். மேலே ஏதோ மூட்டம் படிந்திருந்தது. இவர் நல்ல பிள்ளையாகப் பஞ்சை நனைத்து ஒரு முறை துடைத்தார். மூட்டம் போனது. பட்டாளத்துக்காரரும் போனார்.

“வாசல்ல போட்ட கோலத்தக் கால்ல தேச்ச மாதிரி. மூக்கு இருந்துச்சு, அப்புறம் மூக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு அதன் பிறகு சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சோறு மிச்சம்.

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். இந்த நாளில் நாம் எடுக்கிற படம் மாதிரி ஒரு நெகட்டிவ், அதிலிருந்து பத்து அச்சு என்கிற கதையே அதில் கிடையாது. வெள்ளியைக் கண்ணாடிபோல மெருகேற்றி, அந்தத் தகட்டின்மேலேயே வெளிச்சத்தை விழவைத்து, பாதரச ஆவியில் காட்டுவார்களாம். படம் அதன்மேல் பனிபோலப் பூத்து நிற்கும். அவ்வளவு மெல்லியது. உலகத்தில் அது ஒன்றுதான், அதற்கு மறுபிரதி இல்லை. அந்த மனிதர் எதிரே நின்றபோது அவர்மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் எந்தத் தகட்டில் விழுந்ததோ, அந்தத் தகடேதான் நம் கையில் இருக்கிறது. டாகரோடைப் என்று அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். நாங்கள் வெள்ளித் தகடு என்றே சொல்வோம்.

முனிராஜ் வந்துபோன கையோடு என் வீட்டுக்காரர் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாந்துநிற வெல்வெட் வைத்த பெட்டி, பித்தளைச் சட்டம், எல்லாம் நன்றாகவே இருந்தனவாம். மேலே மூடியிருந்த கண்ணாடி மட்டும் எப்போதோ உடைந்துபோய், தகடு வெறுமனே கிடந்திருக்கிறது. பெட்டிக்கு முன்னால் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி, கற்பூரம்.

“பொகை ஆகாதுங்க. வெள்ளி கறுக்கும். சந்தனம் வேணாம், குங்குமம் வேணாம், கையே வெக்க வேணாம். நான் கண்ணாடி வெட்டி எடுத்தாந்து மேல மூடிக் கறுப்புக் காகிதம் ஒட்டறன். அதுக்கு முன்னால என் கேமராவுல ஒரு நகல் எடுத்து வெச்சிக்கலாம்” என்றாராம்.

“சாம்பிராணி காட்டாத சாமிக்கு நாங்க என்னான்னு கும்புடறது?” என்று பாப்பம்மா கேட்டாளாம். பாப்பம்மா திம்மராயனின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு இருந்தவள். அந்த வீட்டின் முறைகள் எல்லாம் அவள் நாக்கில் இருந்தன.

“பாத்துக் கும்புடுங்க, போதும்” என்றாராம் இவர். இதைப்போய் பாப்பம்மாவிடம் சொன்னவர் என் வீட்டில் எனக்கு ஒரு பதில் சொல்லத் திணறுவார்.

குள்ளர்கள் வீடு

அந்தத் தகட்டில் இருப்பவர் திம்மராயனுக்கு நாலு தலைமுறை மூத்தவர். வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் குதிரை பழக்கியவர். துரை ஊருக்குப் போகும்போது இவரையும் குதிரையையும் நிற்கவைத்து எடுத்த படம் என்பார்கள். ஆள் பெரிய கோபக்காரர் என்பது பாப்பம்மாவின் பேச்சு. “கண்ண உருட்டுனா குதிர படுத்துடுமாம்” என்பாள்.

அவர் கண்மூடிய பிறகு அந்த வீட்டில் ஒரு முறை உண்டானது. வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை மணைமேல் நிறுத்தி, மாடத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். பெரியவர் அவளுக்குத் தெரிந்தால் ஏற்றுக்கொண்டார். தெரியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பெண்கள் பார்க்கலாம். ஆண்பிள்ளைகளுக்குக் காதுகுத்தின்போது தூக்காமல் கீழே நிற்கவைத்துக் காட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டி மூடியேதான் இருக்கும்.

நகல் எடுக்கிற நாளிலேயே சரோஜாவையும் மணையில் நிறுத்தலாம் என்று கிளம்பிப் போனோம். முதல்முறை அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு என்னவோ உறுத்தியது. பாப்பம்மா என் தோளுக்கு வந்தாள். நானே உயரம் கிடையாது. திம்மராயன் அவளைவிடக் கொஞ்சம் தேவலை. மூத்த மருமகள், சித்தி, அத்தை என்று வந்து நின்றவர்கள் அத்தனை பேரும் குட்டை. படத்துக்கு நிறுத்தினால் முன்வரிசை பின்வரிசை பிரிக்க வேண்டாம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். தொழில் புத்தி.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. முனிராஜின் அம்மா லட்சுமம்மா. மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரி. புருஷனைவிட ஒரு சாண் உயரம். அதை மறைக்கவோ என்னவோ எப்போதும் கொஞ்சம் கூன்போட்டே நடப்பாள். முனிராஜின் உயரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. சரோஜாவை மணைமேல் நிறுத்தியபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான். தலையைக் கவிழ்த்தே நின்றாள். சரோஜா பதில் சொன்ன நேரத்தில் விளக்குச் சுடர் ஆடியது. காற்று என்று நினைத்தேன்.

புளி எங்கே

பெட்டி மூடிய பிறகு யாரும் யாரையும் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. திம்மராயன் மரியாதையான மனிதர்.

“பொண்ணு மேல குத்தம் இல்லம்மா. அவரு மனசு, நாம என்னா பண்ண முடியும்? சாப்ட்டுட்டு, வந்த வேலைய முடிச்சிட்டுப் பொழுதோட கெளம்புங்க. காட்டுப்பக்கம் ஆனை எறங்குது” என்றார்.

களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். சரோஜா தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முறைப்படி அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் இருக்கக்கூடாது என்று முனிராஜைப் பெங்களூரிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவனிடம் போய் யார் சொல்வது?

கை கழுவித் திரும்பினால், பாப்பம்மா ஒரு கையில் பெட்டியும் மறு கையில் புளி உருண்டையுமாக வருகிறாள்.

“தகடு மங்கிப்போச்சு, அதான் அவரு தெரியல. குத்துவெளக்குக்குத் தேய்க்கற மாதிரி ஒரு தேய் தேச்சா பளிச்சுனு ஆயிடும். பொண்ண இன்னொரு தபா நிக்கவெச்சிப் பாக்கலாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். சரோஜாவை அவளுக்குப் பிடித்திருந்தது. வெள்ளியையும் பித்தளையையும் புளி போட்டுத் தேய்த்தே வளர்ந்த கை அது. வெள்ளி மங்கினால் வேறென்ன செய்வாள்?

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பாப்பம்மாவின் புளி வைத்திருந்த கையைப் பிடித்துக்கொண்டார். வேற்றுப் பெண்பிள்ளை கையைப் பிடித்த மனிதரைப் பார்த்து வீடே திகைத்தது.

“மூக்கு போயிடும்” என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

நான் பேசினேன். புளி பட்டால் பெரியவர் ஒரேயடியாகப் போய்விடுவார், பிறகு வெறும் தகட்டைத்தான் கும்பிட வேண்டும் என்றேன். திம்மராயன் அக்காவைப் பார்த்தார். புளி திரும்பிப் போனது.

கறுப்புத் துணி

உள்வாசலில் கேமராவை நிறுத்தினோம். மேலே திறந்த வானம், சுற்றிலும் கார்த்திகைக்கு அடித்த புதுச் சுண்ணாம்பு. கண் கூசியது. ஒரு முக்காலிமேல் பெட்டியைத் திறந்து, தகட்டை நிமிர்த்தி வைத்தார். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றால் மட்டும் தூசியை ஊதினார். பிறகு கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

“என்னாங்க?”

“கேமராதான் தெரியுது. லென்சும் செவுரும் தெரியுது. ஆளக் காணோம்.”

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். உள்ளங்கை அளவுத் தகட்டில் பித்தளை லென்சும், வெள்ளைச் சுவரும், என் நெற்றிப்பொட்டும் தெரிந்தன. நடுவில் நரைத்த ஆவிபோல ஏதோ ஒன்று. சரோஜா பார்த்ததும் இதைத்தான்.

“வெளிச்சம் எதுத்தாப்பல அடிக்குது. இன்னொரு கறுப்புத் துணி இருக்குதே, அத லென்சு மட்டும் தெரியறாப்பல முன்னால புடி” என்றார்.

பைக்குள்ளிருந்து துணியை எடுத்தேன். இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் நின்று, தரையிலிருந்து மெல்ல உயர்த்தினேன். கண் தகட்டின் மேலேயே இருந்தது.

முதலில் செருப்புகள் வந்தன.

துணி ஏற ஏற, தகட்டுக்குள் வெள்ளைச் சுவர் கீழிருந்து அணைந்துகொண்டே போனது. அணைந்த இடத்தில் எல்லாம் அவர் இருந்தார். குதிரையின் குளம்புகள், அதன் அடியில் புல். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. முழங்கால்வரை இழுத்துக் கட்டிய வேட்டி, அதன் ஓரத்தில் ஒரு கிழிசல். கடிவாளம் பிடித்த கை. கைமேல் ஓடுகிற நரம்பு. துணியை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். மார்பு, தோள், கழுத்து. குதிரையின் உடம்பு திண்ணென்று நின்றது. தலை மட்டும் புகையாக இருந்தது. படமெடுத்த நேரத்தில் அது தலையை ஆட்டியிருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குதிரை தலையை உதறியது இன்னும் நின்றபாடில்லை.

அதன்பின் கண்கள் வந்தன. நேராக என்னைப் பார்த்தன.

எத்தனை ஆயிரம் முகங்களுக்குப் பென்சில் பிடித்திருப்பேன். ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. கும்பிடக் கை எழுந்தது. கையில் துணி இருந்ததால் கும்பிடவும் முடியவில்லை.

“சரோஜா” என்றேன். “இங்க வாடி. என் பக்கத்துல நின்னு பாரு.”

அவள் வந்து பார்த்தாள். அவள் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. “தெரியறாருக்கா” என்றாள், வாய்க்குள்ளேயே.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கூடத்தில் மாடம் இருக்கிற உயரத்துக்குக் குட்டையான பெண்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். தகட்டில் பிரதிபலிப்பது கரி படிந்த மேற்கூரை. இருட்டில் பெரியவர் வருவார். உயரமான பெண்ணுக்கு மாடம் கண்ணுக்கு நேராக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம்தான் அவளுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் குட்டைப் பெண்களைப் பொறுக்கி எடுத்தது அந்த மாடம்தான். பெரியவர்மேல் ஒரு பாவமும் இல்லை.

இதைத் திம்மராயனிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையை அசைத்தார்.

“நீ சொல்றது இருக்கலாம்மா. ஆனா இது நீங்க துணி புடிச்சி வரவெச்சது. அவரா வரல. மொறைன்னு ஒண்ணு இருக்குது. அதுல நின்னு தெரிஞ்சாதான் இந்த வூட்டுப் பொம்பள.”

துணியை இறக்கப் போனேன்.

“எறக்காதம்மா.”

லட்சுமம்மாவின் குரல். சமையற்கட்டு வாசலிலிருந்து வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, சரோஜா நின்ற இடத்தில் நின்றாள். கூனாமல் நின்றாள். அவ்வளவு உயரம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

தகட்டைப் பார்த்தாள்.

“காணிஸ்தாரெ” என்றாள். தெரிகிறார் என்று கன்னடத்தில். அந்த வீட்டுக்குள் அவள் கன்னடம் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

“மொறை தப்பு. அவரப் பாத்தவ ரெண்டாந்தரம் பாக்கக் கூடாது” என்றாள் பாப்பம்மா.

“நான் மொதத் தரமே இப்பத்தான் பாக்கறன், அண்ணி.”

லட்சுமம்மா தகட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மேலே பேசினாள்.

“அன்னிக்கு மணைல நின்னப்ப எனக்கும் என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. எங்கப்பா வெளிய ஒக்காந்திருந்தாரு. பயத்துல தெரியறாருன்னு சொல்லிப்புட்டன். ரெண்டு புள்ளைங்களக் கொண்டுபோய் மண்ணுல வெச்சப்ப, இவருதான் தண்டிக்கறாருன்னு நெனச்சன். ஏமாத்தி உள்ள வந்தவள இவரு உடுவாரான்னு. வெளக்கு புடிக்கறப்பெல்லாம் தலையத் தூக்க மாட்டன்” என்றாள். அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். “இந்தப் பொண்ணு நெஜத்தச் சொல்லிச்சு. இத அனுப்பறதுன்னா மொதல்ல என்னைய அனுப்புங்க.”

திம்மராயன் எழுந்து என்னிடம் வந்தார். தூக்கிப் பிடித்துப் பிடித்து என் தோள் கடுத்துக்கொண்டிருந்தது.

“கை வலிக்கும், இந்தாண்ட குடும்மா” என்று துணியை வாங்கிக்கொண்டார். “தையில முகூர்த்தம் வெச்சிக்கலாம்.”

குட்டையான மனிதர். கையை முழுக்க உயர்த்தி, மனைவிக்குப் பக்கத்தில் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் சுவரைவிட்டு ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேமராவின் மூடியை எடுத்து லென்சில் போட்டுவிட்டார். நகல் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

லட்சுமம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“கோவமாவே இல்லயே இவரு. குதிர தலைய ஆட்டுது. இவரு சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கறாரு.”

“ஆமா” என்றார் திம்மராயன், துணிக்குப் பின்னாலிருந்து. “காதுகுத்துல பாத்தப்பவே எனக்குத் தெரியும். நீயும் பாத்திருக்கன்னு நெனச்சிதான் நான் சொல்லல.”